ஆறு நாள் அம்மாவிடம், ஒரு நாள் ஆட்டோவிடம்

புதிதாகக் குடும்ப மத்தியஸ்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். படிவம் நிரப்புவதையும் கோப்பு போடுவதையும் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு அது எப்போதுமே ஒழுங்காக வந்ததில்லை. நான் சொல்லப் போவது நான் அசடு வழிந்த கதை. இருபது வருடத்துக்கும் மேலாக ஹட்டனில் ஒரு மேல்மாடி அறையில் உட்கார்ந்து, பிரிய வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தவள் நான். அசடு வழிந்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிற எந்தத் தம்பதியும் தங்கள் கதையைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கதையைக் கேட்பார்கள். “மிஸ், ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?” எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொன்னதும் கணவன் மனைவி இருவரும் தங்கள் சண்டையை மறந்துவிட்டு என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். ஒரு அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தன் புருஷனை விட்டுப் பிரிய வழி கேட்டார். இதற்கெல்லாம் கோபப்படாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவர்கள் ஒரே கட்சியில் இருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செல்வராணி அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருடைய கணவர் மோகன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரே மகள் தர்ஷினி, ஐந்தாம் வகுப்பு, அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. விவாகரத்துக் கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. அதற்கு முன் பிள்ளை யாரிடம், யார் எங்கே இருப்பது என்பதையெல்லாம் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டு வருவது நம் வேலை. அதற்காகத்தான் இருவரும் வந்தார்கள். மோகன் ஆட்டோவில் தனியாக வந்தார். செல்வராணி இரண்டு பஸ் மாறி வந்தார். ஒரே வாசலிலிருந்து கிளம்பி ஒரே வாசலுக்கு வந்தவர்கள். ஆனால் பிரியப் போகிறவர்கள் ஒரே வண்டியில் வந்தால் நன்றாகவா இருக்கும்?

முதலில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அடி உதை, மிரட்டல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் இந்த மேசையே வேண்டாம், வேறு வழி பார்க்க வேண்டும். இங்கே அது இல்லை. “அவரு நல்ல மனுசன்தாங்க மிஸ்” என்றார் செல்வராணி. “அவ நல்லவதாங்க” என்றார் மோகன். இரண்டு நல்லவர்களைப் பிரிப்பதற்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

பிறகு இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள், முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வையுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் வைத்தேன். செல்வராணி தன் கைப்பையைப் பார்த்தார். மோகன் தன் செருப்பைப் பார்த்தார். நான் பேசினேன்.

பிள்ளை கிழமை நாட்களிலும் சனிக்கிழமையும் அம்மாவிடம் இருக்கட்டுமா? “சரிங்க மிஸ்.” அவர்கள் குடியிருந்த காம்பரா, லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு அறை, செல்வராணியின் பெயரில் இருப்பதால், மோகன் அதே லயத்தில் மூன்று காம்பரா தள்ளி இருக்கிற தன் அண்ணன் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா? “சரிங்க மிஸ்.” ஞாயிற்றுக்கிழமை காலை முதல் சாயந்தரம் வரை பிள்ளை அப்பாவோடு அங்கே இருக்கலாமா? “சரிங்க மிஸ்.” நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் மற்ற அறைகளுக்கெல்லாம் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பாவும் தோட்டத்து அலுவலகத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துரை சொன்ன எல்லாவற்றுக்கும் சரிங்க என்று சொன்னவர்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருடைய உண்மையான பதில் வரும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் எனக்கு அதெல்லாம் மறந்துவிட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி ஒருத்தியின் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று அக்கரப்பத்தனைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் நல்ல மழை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் ஆட்டோவுக்குக் கை காட்டினேன். என்னைப் பார்த்ததும் ஓட்டி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மோகன்.

பின்சீட்டில் ஒரு பெண்பிள்ளை. மழைத் திரையை இறக்கிவிட்டு, மடியில் பரீட்சை வினாத்தாள், பக்கத்தில் சோற்றுப் பெட்டி, காலுக்கடியில் புத்தகப்பை. “தள்ளி உக்காருடா தங்கம், மிஸ் ஏறட்டும்” என்றார் மோகன். பிள்ளை நகர்ந்து உட்கார்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதானா அந்த மிஸ்?”

“எந்த மிஸ்?”

“எங்களப் பிரிச்சு எழுதுன மிஸ்.”

நான் பேச்சை மாற்றி, ஏன் மழையில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து படிக்கிறாய் என்று கேட்டேன். “இன்னைக்கு ஞாயித்துக்கெழம. அப்பா நாளு” என்றாள். பெரியப்பா வீட்டில் இருக்கலாமே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“பெரியம்மா வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க. அம்மாவும் பெரியம்மாவும் நாலு வருசமா பேசுறதில்ல. எங்க லயத்துல எல்லாருக்கும் தெரியுமே. அதனால ஆறு நாளு அம்மாகிட்ட, ஒரு நாளு ஆட்டோகிட்ட.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அடுத்து அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள்: “இன்னும் கொஞ்ச நாளுதான். பரீட்ச முடிஞ்சதும் என்னைய வத்தளைக்கு, அத்த வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. அங்கயே பள்ளிக்கூடமாம். அப்பாவும் சரின்னுட்டாங்க, அம்மாவும் சரின்னுட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“என்கிட்ட யாரு கேட்டா?”

மோகனின் முதுகைப் பார்த்தேன். அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் மூன்று காம்பரா தூரத்தில் இருக்க, ஒரு பிள்ளை இருவரையும் விட்டுவிட்டு நூறு மைல் தள்ளிப் போகப் போகிறது. அதற்கு வழி போட்டுக் கொடுத்தது என் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக நடந்திருந்தால் வத்தளைப் பேச்சே வந்திருக்காது. பெயர் வைக்கிற வீட்டை மறந்துவிட்டு, ஆட்டோவை நேராக லயத்துக்கு விடச் சொன்னேன்.

லயத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர்கள் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் புருஷனும் பெண்சாதியும் எப்படிச் சண்டை போடுவது? நேராகப் போட முடியாது. சாடையாகத்தான் போட முடியும்.

நான் போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது. “டிவோர்ஸ் மிஸ் வந்திருக்காங்க!” என்று எவளோ ஒருத்தி குரல் கொடுக்க, பத்து வாசலிலும் தலைகள் தெரிந்தன. செல்வராணி மட்டும் என்னைக் கவனிக்கவில்லை. அவர் தன் வாசலில் நின்று ஒரு கோழியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“புள்ளைக்குச் சோத்த எங்க வச்சுக் குடுக்கணும்னு கூடத் தெரியல. நாள் முழுக்க ரோட்டுல மேயுது. வெக்கங்கெட்ட கோழி!”

மோகன் ஆட்டோவை விட்டு இறங்கி, ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆட்டோவிடம் சொன்னார்: “பரவால்ல, நனஞ்சாலும் நீயாச்சும் புள்ளைக்கு எடம் குடுக்குற. மனுசங்களுக்கு வீம்புதான் பெருசா இருக்கு.”

“வீம்பா? கேட்டுக்கிட்டியா கோழி? என்னப் பெத்தவ செத்துக் கெடந்தப்ப எட்டிப் பாக்காத ஆளு வீம்பப் பத்திப் பேசுது!”

நடு வீட்டுப் பெரியவர் ஒருவர், “அந்தக் கோழிய வுடும்மா, அதுவா ஹயர் போச்சு?” என்றார். ஹயர் என்றால் வாடகைச் சவாரி. இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் அறையில் நாற்பது நிமிடத்தில் தெரியாதது, ஒரு கோழியும் ஒரு ஆட்டோவும் பேசிய இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இவர்களுக்குள் ஒரு சாவு கிடக்கிறது. நான் அதைக் கேட்கவே இல்லை.

செல்வராணியைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் வீட்டில் பிள்ளையை விடமாட்டேன் என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “நீங்க ஆசயா எழுதிக்கிட்டு இருந்தீங்க மிஸ். எப்பிடி வேணாம்னு சொல்றது?”

பிள்ளைகளா, இந்த ஒரு வரியை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறையில் அமைதியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பயப்படுங்கள்.

அடுத்த கிழமை இருவரையும் மறுபடி ஹட்டனுக்கு வரச் சொன்னேன். தர்ஷினியை வெளியே எங்கள் தட்டெழுத்துக்காரப் பெண்ணோடு உட்கார வைத்தேன். உள்ளே பழைய கதைதான். கைப்பை, செருப்பு, அமைதி. பத்து நிமிடம் போனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது செல்வராணியின் கண் ஜன்னல் பக்கம் போனது. கீழே எதிர்ப்பக்கத்தில் மோகனின் ஆட்டோ நின்றிருந்தது. “இந்த எழவு ஆட்டோவும் வந்து நிக்கிது” என்று வாய்க்குள் முனகினார்.

நான் எழுந்தேன். இரண்டு நாற்காலிகளையும் ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். மேசையை ஓரமாகத் தள்ளினேன். முகத்துக்கு முகம் பார்ப்பதெல்லாம் போதும் என்று தோன்றிவிட்டது. “செல்வராணி, அந்த ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டியது இருந்தா சொல்லிருங்க. நான் காதப் பொத்திக்கிறேன்” என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு ஆட்டோவைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். இது லயம் இல்லை, கதவு சாத்தியிருக்கிறது, மேலே முழுச்சுவர் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தக் குரலை எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. தட்டெழுத்துக்காரப் பெண் பயந்துபோய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் போ என்று கையைக் காட்டினேன்.

“எங்கம்மா செத்த அன்னைக்கு எங்க போயி நின்ன நீ? ஊரே வந்து நிக்கிது, மருமகன் எங்க, மருமகன் எங்கன்னு கேக்குது, நான் என்னத்தச் சொல்ல? ஹயர் போயிருக்கான்னு ஒங்கண்ணன் பொண்டாட்டி நாலு பேரு முன்னாடி சொல்லிச்சு. எனக்கு அப்பிடியே மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு!”

நான் வாயைத் திறக்கப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் மோகனும் ஜன்னலைப் பார்த்தே சொன்னார்.

“அது உடப்புசல்லாவ ரோட்டுல நின்னுச்சு.”

“யார ஏத்திக்கிட்டு?”

“யாரையும் ஏத்தல. ஒங்கண்ணனுக்குப் போன் போகல. கூட்டியாரலாம்னு போச்சு. வழியில மண்ணு சரிஞ்சு ரோட்டு மூடிக்கிச்சு. அந்தப் பக்கமும் போக முடியல, இந்தப் பக்கமும் வர முடியல. பகல் முழுக்க நின்னுட்டு வெறுங்கையோட வந்துச்சு.”

செல்வராணி அப்போதுதான் ஆட்டோவை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். என் முன்னால் அவர் கணவரின் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஏன் சொல்லல?”

“நான் வந்தப்ப அடக்கம் முடிஞ்சிருச்சு. எல்லாரும் ஹயர்னு பேசி முடிச்சிட்டாங்க. போயும் கூட்டியார முடியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. திட்டு வாங்குறது அத விட லேசுன்னு இருந்துட்டேன்.”

“நாலு வருசமாவா?”

“நாலு வருசமா.”

செல்வராணி அழுதார். மோகனும் அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. இருவரும் கைகோத்து வெளியே போவதாகவும், மற்ற அறைகளுக்கெல்லாம் போய் நான் மறுபடி பீற்றிக்கொள்வதாகவும் கற்பனை. குரலில் தேனைத் தடவிக்கொண்டு, “அப்ப இனி என்ன, ரெண்டு பேரும்...” என்று இழுத்தேன்.

“இல்லீங்க மிஸ்” என்றார் செல்வராணி. அவர் என்னிடம் இல்லை என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை. “கோவம் போயிருச்சு. ஆனா நாலு வருசம் நான் அழுததப் பாத்துக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தாரே, அந்த ஆளோட இனி ஒரு காம்பராவுல இருக்க என்னால ஆகாது.”

மோகன் மெதுவாகத் தலையசைத்தார். “அவ சொல்றது நாயந்தான் மிஸ்.”

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சேர்த்து வைத்துப் பெயர் வாங்கும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. அது நம்முடைய ஆசை. அவர்கள் அதற்காக வரவில்லை.

ஆனால் பிள்ளை இருக்கிறாளே. வத்தளை விஷயத்தை எடுத்தேன். “நீங்க அனுப்பணும்னு நெனச்சீங்கன்னுதான் நான் சரின்னேன்” என்றார் செல்வராணி, மோகனிடம். “நான் எங்க நெனச்சேன்? அக்கா கேட்டாங்க, மறுக்க முடியல, சரின்னேன். நீயாவது மாட்டேன்னு சொல்லுவன்னு பாத்தேன்” என்றார் மோகன். யாருக்குமே வேண்டாத ஒரு பயணத்துக்குப் பிள்ளையின் பெட்டி மட்டும் தயாராகிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“இப்பவே போன் பண்ணுங்க” என்றேன்.

தாய் இல்லாத வீட்டில் மோகனை வளர்த்தது அந்த அக்காதான். அவரிடம் வாழ்நாளில் ஒரு முறைகூட மறுத்துப் பேசியதில்லையாம். போனை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை கீழே வைத்தார். நான் உதவி செய்யவில்லை. செல்வராணியும் செய்யவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு, எல்லா நலமும் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி, வத்தளை மழையைப் பற்றியும் பேசி, கடைசியில் சொன்னார்.

“அக்கா, தர்ஷி வரல.”

“என்னடா? அன்னைக்குச் சரின்னியே?”

“சரின்னது தப்பு. புள்ள இங்கதான் இருப்பா.”

“அப்பன் ஒரு பக்கம், ஆத்தா ஒரு பக்கம். புள்ள எங்கடா நிக்கும்?”

செல்வராணி எட்டிப் போனுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்: “ரெண்டு பக்கமும் நிக்கும் அண்ணி. நாங்க பாத்துக்கிறோம்.”

அன்றைக்கு நான் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. முதலில் பிள்ளை காலை நீட்டி உட்கார மோகனுக்கு ஒரு இடம் வேண்டும், அது அண்ணன் வீடாக இருக்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். தோட்டத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, மேட்டு லயத்தில் ஆளில்லாமல் கிடந்த ஒரு காம்பராவைக் கேட்டு வாங்க அவருக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆனது. அந்த மூன்று கிழமையும் ஞாயிற்றுக்கிழமைகளில் தர்ஷினி ஆட்டோவில்தான் இருந்தாள். இதையும் சொல்லிவிட வேண்டும். நம் அவசரத்தில் செய்ததை அவிழ்க்கிற வரைக்கும் யாரோ ஒரு பிள்ளை மழையில் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் தடவை வந்தபோது தர்ஷினியையும் உள்ளே கூப்பிட்டேன். யாரைப் பிடிக்கும், யாரோடு இருக்கப் போகிறாய் என்றெல்லாம் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள், அது பாவம். உனக்கு என்ன தேவை என்று மட்டும் கேளுங்கள். அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆட்டோவில் சோறு வேண்டாம், கால் மரத்துப்போகிறது. இருவரும் கோழியிடம் பேசுவதை நிறுத்த வேண்டும், பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள். பெரியம்மாவை வழியில் பார்த்தால் அவள் சிரிப்பாள், அதை யாரும் கேட்கக்கூடாது. எல்லாவற்றையும் எழுதினேன். பெரியவர்கள் இருவரும் தலை நிமிரவில்லை.

எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை செல்வராணி இரண்டு இடத்தில் நிறுத்தினார், மோகன் ஒரு இடத்தில் நிறுத்தினார். மூன்றையும் திருத்தினேன். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டும்போது தர்ஷினி, “அப்பா, புதுக் காம்பராவுல எனக்குப் பாய் இருக்கா?” என்று கேட்டாள்.

“ஹட்டன்லயே ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போவோம்டா” என்றார் மோகன்.

“வேணாம்” என்றார் செல்வராணி. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கணவரை நேராகப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னார்: “புதுப் பாயி அவளுக்குக் குத்தும், ராத்திரியில சொறிஞ்சுக்குவா. எங்கிட்ட இருக்கிற பழசக் குடுத்து வுடுறேன். புதுச நான் போட்டுப் படுத்துப் பழக்கித் தாரேன், பொறவு மாத்திக்கலாம்.”

மோகன் தாளை என் பக்கம் தள்ளினார்.

“அதையும் எழுதிருங்க மிஸ்.”

எழுதினேன்.